‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்றவரிடம் 650 டாலர் கொடுத்த கதை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு, முடிவு வரும் மார்ச் மாதத்தை எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஏமாந்ததை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்ததால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் தெரிந்தவர் ஒருவர், என்னை ஏமாற்றிய அதே விண்ணப்ப ஆலோசகரின் பெயரைச் சொல்லி, “உங்கள் பெண்ணுக்கு இவர்தானே பார்த்தார்? நல்லவரா?” என்று கேட்டார். இனியும் பேசாமல் இருந்தால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு வந்துவிடும்.

என் மகள் விண்ணப்பித்தது எம்.ஐ.டி. என்று உலகமே சொல்லும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு. ஜனவரி முதல் வாரத்தில் விண்ணப்பம் போய்விட்டது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் காலம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. அங்கே விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு அதிலும் குறைவு. இதெல்லாம் தெரிந்துதான் விண்ணப்பித்தோம். ஆனாலும் மனம் கணக்குப் போட்டா ஆசைப்படுகிறது?

அந்த ஆலோசகர் எங்களிடம் வந்தது அதற்கு முன்பே, கட்டுரைகள் எழுதும் கட்டத்தில். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த வேலையை ஒழுங்காகவே செய்தார். எங்கே வாக்கியம் நொண்டுகிறது என்று சுட்டிக்காட்டினார், அதற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டார். பிறகு, “விண்ணப்பத்தை நானே ஏற்றிவிடுகிறேன் சார், பிள்ளைகள் அவசரத்தில் தவறு செய்துவிடுவார்கள்” என்றார். ஏற்றியும் விட்டார். தொடர்புக்கான மின்னஞ்சல் முகவரி என்று அவர் கொடுத்தது என் மகளுடையது அல்ல. அவளுடைய பெயரில் அவரே புதிதாகத் தொடங்கிய ஒன்று. கடவுச்சொல் அவரிடம். அன்று அது எங்களுக்கு உதவியாகத்தான் தெரிந்தது.

விண்ணப்பத்தின் நிலையைக் காட்டும் பல்கலைக்கழக இணையக் கணக்கை, அதாவது போர்ட்டலை, அவள் பார்க்க வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் அவரிடமிருந்து ஒரே பதில்: “அடிக்கடி உள்ளே போனால் அவர்களுக்குத் தெரியும்மா. பதற்றக்காரப் பிள்ளை என்று குறித்துவைப்பார்கள்.” இப்படி ஒரு பொய்யை நம்பினோம் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் இரவு அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். “சார், ஃபைல் கமிட்டியில் அப்படியே நிற்கிறது. அட்மிஷன் ஆபீஸில் எனக்கு ஒரு ஆள் இருக்கிறார். நிலவரம் பார்த்துச் சொல்வார், கொஞ்சம் தள்ளியும் விடுவார்.” 400 டாலர். நிறுவனத்தின் கணக்குக்கு வேண்டாமாம், தன்னுடைய சொந்தக் கணக்குக்கே அனுப்பச் சொன்னார்.

என் மனைவி அன்றே கேட்டாள்: “உள்ளே அவ்வளவு செல்வாக்கான ஆளை வைத்திருப்பவர், நம் 400 டாலருக்காக ஏன் ராத்திரியில் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்?” பதில் சொல்லத் தெரியாததால் அவள்மீது எரிந்து விழுந்தேன். பணத்தை அனுப்பினேன்.

இரண்டு நாளில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. மேலே பல்கலைக்கழக முத்திரை. நடுவில் மகளின் பெயர். கீழே பச்சை எழுத்தில் ‘குழுப் பரிசீலனை: சாதகம்’ என்று ஆங்கிலத்தில். செல்பேசியின் மூலையில் மணி 11:42. பெயர் மட்டும் மற்ற எழுத்துகளைவிடச் சற்றுத் தடிமனாக இருந்தது. அதைக் கவனித்தேன். முக்கியமான விவரம், அதனால்தான் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். அந்தப் படத்தை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அன்று அரை மணி நேரம் ஒதுக்கி, அந்தப் பல்கலைக்கழகம் தானே வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதைப் படித்திருந்தால் 400 டாலர் மிச்சமாகியிருக்கும். அங்கே ஒரு விண்ணப்பம் சேர்க்கைப் பட்டியலுக்குப் போவதற்கு முன் குறைந்தது 12 பேராவது அதை அலசி விவாதிக்கிறார்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவரைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? பழைய மாணவர்களின் பிள்ளைகள் என்பதற்காகக்கூட அங்கே சலுகை கிடையாது. நேர்காணல் எடுப்பவர்களும் முன்னாள் மாணவர்கள்தான். அறிக்கை எழுதி அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது, முடிவு அவர்கள் கையில் இல்லை.

பின்வாசல் என்பதே உலகத்தில் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019 இல் அமெரிக்காவையே உலுக்கிய அட்மிஷன் மோசடி வழக்கு நினைவிருக்கலாம். வில்லியம் சிங்கர் என்ற ஆலோசகர் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்தும், தேர்வு விடைத்தாள்களைத் திருத்தவைத்தும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைத்தார். 2023 இல் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். பணம் கொடுத்த பெற்றோர் பலரும் சிறைக்குப் போனார்கள். ஆக, நம்மிடம் வருபவர் சொல்வது பொய் என்றால் பணம் போகும். உண்மை என்றால் அதைவிட மோசம்.

அடுத்து உதவித்தொகை. பாதி உண்மையை வைத்து அவர் ஆடிய ஆட்டம் இங்கேதான். “உதவித்தொகை கேட்டால் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கழித்துவிடுவார்கள் சார். அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிடுவோம்” என்றார். பல அமெரிக்கக் கல்லூரிகளில் இது நடப்பதுதான். வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்கிறாரா என்பதையும் சேர்த்து எடைபோடும் இடங்கள் அவை. ஆனால் எம்.ஐ.டி., ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் அதைப் பார்ப்பதில்லை. சேர்த்துக்கொண்டால் குடும்பத்தின் தேவைக்கு ஏற்ற முழு உதவியும் தருகின்றன. அவர் பேச்சைக் கேட்டு நாங்கள் உதவித்தொகை கேட்பதற்கான சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தை நிரப்பாமல் விட்டிருந்தால், இடம் கிடைத்திருந்தாலும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனைவி என்னைக் கேட்காமலே மகளோடு உட்கார்ந்து படிவத்தை அனுப்பிவிட்டாள்.

பணம் போனதைவிடப் பெரிய ஆபத்து பிப்ரவரியில் வந்தது.

ஜனவரியில் அனுப்பிய விண்ணப்பத்தோடு எம்.ஐ.டி.யில் வேலை முடிந்துவிடுவதில்லை. அரையாண்டு மதிப்பெண்களையும் புதிய செய்திகளையும் சொல்ல பிப்ரவரிப் படிவம் ஒன்று உண்டு. அதை மாணவரே நிரப்ப வேண்டும். நினைவூட்டல் மின்னஞ்சல் வரும், ஆனால் யாருக்கு வரும்? அவர் தொடங்கிய முகவரிக்கு. அவர் அதைத் திறந்து பார்த்தாரா என்பதே சந்தேகம்.

பள்ளியில் ஆசிரியை ஒருவர் மகளிடம் தற்செயலாக, “பிப்ரவரிப் படிவம் அனுப்பிவிட்டாய் அல்லவா?” என்று கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்தாள். கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற பொத்தானை அழுத்தினாள். ‘புதிய கடவுச்சொல்லுக்கான இணைப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று வந்தது. “அப்பா, என் மின்னஞ்சல் எது?” என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆலோசகரை அழைத்தேன். அவசர வேலை, 250 டாலர் தனிக் கட்டணம் என்றார். அந்தப் படிவத்துக்குப் பல்கலைக்கழகம் ஒரு காசும் வாங்குவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அனுப்பினேன். அதன் பிறகு இரண்டு நாள் அவர் செல்பேசியை எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் மகளே பள்ளி ஆசிரியை மூலம் அட்மிஷன் அலுவலகத்துக்கு நடந்ததை எழுதினாள். முகவரியை மாற்றிக் கொடுத்தார்கள். உள்ளே நுழைந்து படிவத்தை நிரப்ப அவளுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. போர்ட்டலில் என்ன வந்து சேர்ந்தது, என்ன வரவில்லை என்ற பட்டியல் இருந்தது. ‘சாதகம்’ என்று பச்சை எழுத்து எங்கேயும் இல்லை.

அந்த ஆண்டும் வழக்கம்போல மார்ச் 14 அன்றுதான் முடிவு. கணிதத்தின் ‘பை’ 3.14 என்பதால் அந்தத் தேதி. இரண்டு ‘பை’ 6.28 என்பதால் அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி மாலை 6:28 மணி. பாதி உலகத்துக்கு அது நடுநிசியைத் தாண்டிய நேரம் என்பதைப் பற்றி அந்த மேதைகளுக்குக் கவலை இல்லை. அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஆலோசகரிடமிருந்து செய்தி: “வாழ்த்துகள் சார்! உள்ளிருந்து உறுதி செய்துவிட்டார்கள். மீதி 1,000 டாலரை முடிவு வெளியாவதற்குள் அனுப்பிவிடுங்கள், ஆள் கோபித்துக்கொள்வார்.” இந்த முறை அனுப்பவில்லை. ஆனால் ஒரு கணம் நெஞ்சு குதித்தது என்பதை மறைக்க மாட்டேன். எல்லாம் தெரிந்த பிறகும் குதித்தது.

இடம் கிடைக்கவில்லை. மகள் ஒரு முறை படித்தாள், மூடினாள். “அப்பா, நீங்கள் போய்த் தூங்குங்கள்” என்றாள். மறுநாள் காலை அவரிடமிருந்து அடுத்த செய்தி: “காத்திருப்புப் பட்டியலில் சேர்க்க ஒரு வழி இருக்கிறது சார்.”

இப்போது அவள் வேறொரு கல்லூரியில் உதவித்தொகையோடு படிக்கிறாள், அது தனிக் கதை. அந்தக் கல்லூரிக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இருந்தது அவளுடைய சொந்த மின்னஞ்சல்.

உங்கள் பிள்ளையின் கணக்கு வேறொருவர் கையில் இருந்தால் இன்றைக்கே வாங்கிவிடுங்கள். மார்ச் வரை பொறுக்காதீர்கள். இடம் கிடைத்துவிட்டதாகச் சொல்லிக் கடிதம் காட்டினாலும் போர்ட்டலில் பார்க்காமல் காசு எடுக்காதீர்கள். விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தை, பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிதான் தரும், இடைத்தரகர் தர முடியாது. மாணவர் விசாவுக்காகக் கட்ட வேண்டிய 350 டாலர் செவிஸ் கட்டணத்தையும் அமெரிக்க அரசின் தளத்தில் நீங்களே கட்டலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “சேவைக் கட்டணம் சார், சேவை செய்தாயிற்று” என்றார். நானாக மனமுவந்து அனுப்பிய பணம் என்று வங்கி கையை விரித்துவிட்டது. காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன், இதுவரை ஒன்றும் நகரவில்லை.

புகாருக்காக ஆள் தேடியபோது அவரிடம் ஏமாந்த இன்னொரு தாய் கிடைத்தார். அவரும் தன் மகனுக்கு வந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினார். போன வாரம் “நல்லவரா?” என்று கேட்டவருக்கு நான் பதில் எதுவும் எழுதவில்லை. எங்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். அதே முத்திரை, அதே பச்சை எழுத்து, பெயர் மட்டும் வேறு. இரண்டிலும் மணி 11:42.