ஏற்காடு மகளிர் குழுக் கடை: காபித்தூளுக்காகவே போகலாம்

ஏற்காடு போனால் ஏரிப் பக்கம் மகளிர் சுய உதவிக்குழு நடத்தும் சின்னக் கடைக்குள் கட்டாயம் நுழைந்து பாருங்கள். பக்கத்துக் கடைகளின் விளக்கு வெளிச்சத்தில் இது கண்ணில் படாமல் போய்விடும்.

முதலில் காபித்தூள். சிக்கரி வேண்டுமா, ஃபில்டரில் போடுவீர்களா, கொதிக்க வைப்பீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் அரைக்கிறார்கள். சிக்கரி சேர்க்காமல் கால் கிலோ வாங்கினேன், வீட்டில் டிகாஷன் இறங்கும்போதே மணம் கூடம் வரைக்கும் வந்துவிட்டது, இரண்டாம் டிகாஷன்கூட சப்பென்று போகவில்லை. மிளகும் நல்ல கனம்; ஒரு கைப்பிடி தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், மிதந்தது ஒன்றிரண்டுதான். ஜவ்வரிசி வடாம் நன்றாகப் பொரிகிறது, உப்புதான் கொஞ்சம் தூக்கல்.

தேன் நல்ல தேன், ஆனால் பாட்டில் மூடி சரியில்லை. சேலம் வந்து சேருவதற்குள் பையெல்லாம் பிசுபிசு. நிரப்பிய தேதியும் ஒட்டவில்லை. அப்புறம், சிக்னல் வந்து வந்து போகிறது, ஜிபேயை நம்பாமல் சில்லறை எடுத்துப் போங்கள்.

கல்லாவில் இருந்த அக்காதான் குழுவின் ஊக்குநர். காபி அரைபடும் நேரத்தில் கடன் நோட்டைக் காட்டினார். யாருக்கு எவ்வளவு, எதற்கு, எத்தனை தவணை பாக்கி என்று கோடு போட்டு எழுதியிருந்தது. ஆடு, கூரை, ஆஸ்பத்திரி என்று பல காரணங்கள் இருந்தாலும் அதிகம் கண்ணில் பட்டது ‘மகள் காலேஜ் பீஸ்’தான். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்துவிட்டது, ஏனென்றால் பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. பெண் குழந்தை பிறந்தாலே கலங்கிப்போன குடும்பங்கள் அவ்வளவு இருந்த மாவட்டம் இது.

இந்தக் குழு முறைக்குப் பின்னால் ஒரு வெளிநாட்டு உதவி இருக்கிறது. ரோமில் இருக்கும் ஐ.நா. அமைப்பான சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் கடனுதவியோடு 1989இல் தர்மபுரியில் பெண்கள் குழுக்களைத் தொடங்கினார்கள், 1991-92இல் சேலத்துக்கும் வந்தது. வெளிநாட்டு உதவி என்றால் ரெண்டு தையல் மெஷினைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேசுவோம் இல்லையா, இதில் பெண்களுக்குக் கிடைத்தது மாதாமாதம் சேமிக்கிற பழக்கம், தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கும் முறை, தாங்களே கணக்கு எழுதும் பயிற்சி, பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசும் துணிச்சல். 1997-98இல் மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் ‘மகளிர் திட்டம்’ என்று அதைத் தமிழ்நாடு முழுக்க விரிவாக்கியது. ரோமிலிருந்து வந்த பணம் நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, நோட்டில் வரவு செலவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் உதவி செய்கிற எந்த அமைப்பும் இப்படித்தான் செய்ய வேண்டும்.

பேக்கிங், லேபிள் இரண்டையும் சரிசெய்ய இவர்களுக்கு யாராவது கைகொடுத்தால், இதே காபித்தூளைச் சேலம் டவுன் மளிகைக் கடைகளிலேயே வாங்கலாம். அதுவரை மலை ஏறித்தான் ஆக வேண்டும். ஞாயிறு சாயங்காலம் மட்டும் போகாதீர்கள், பாதிச் சரக்கு தீர்ந்துவிடும்.