ரத்தத்தில் ஸ்டாஃப் கிருமி: வான்கோமைசினா, குளோக்சாசிலினா, செஃபசோலினா?

மூன்று நாளாக வான்கோமைசின் ஏறிக்கொண்டிருக்கும். திடீரென்று அதை நிறுத்திவிட்டுப் பென்சிலின் குடும்பத்து மருந்து ஒன்றைப் போடுவார்கள். 'பெரிய மருந்தை எடுத்துவிட்டார்களே' என்று வீட்டார் பதறுவார்கள். பெரும்பாலும் அது நல்ல செய்திதான்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சுருக்கமாக ஸ்டாஃப், பத்தில் மூன்று பேர் மூக்கில் தொந்தரவில்லாமல் குடியிருக்கும் கிருமி. ரத்தத்தில் இறங்கினால் கதை வேறு. இதய வால்விலும் முதுகெலும்பிலும் போய் ஒட்டிக்கொள்ளும். எந்த மருந்து என்பதை அது எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப்) வகையா இல்லையா என்பதே முடிவு செய்கிறது.

குளோக்சாசிலினும் செஃபசோலினும் கிருமியின் சுவரைக் கட்டும் நொதியைப் பிடித்து முடக்குகின்றன. எம்ஆர்எஸ்ஏ இவற்றின் பிடிக்குச் சிக்காத இன்னொரு நொதியை வைத்திருக்கிறது. பென்சிலின் குடும்பத்து மெத்திசிலின் 1959-இல் வந்தது. 1961-லேயே அதற்கு அடங்காத கிருமியை இங்கிலாந்தில் கண்டுவிட்டார்கள். வான்கோமைசின் கொத்தனாரை விட்டுவிட்டுச் செங்கல்லையே பிடித்துக்கொள்கிறது. அதனால் எம்ஆர்எஸ்ஏவுக்கு அது இன்றும் முதல் வரிசை மருந்து.

ஆனால் அது கிருமியை மெதுவாகக் கொல்லும் மருந்து. சாதாரண ஸ்டாஃபுக்கு வான்கோமைசினையே தொடர்ந்தவர்களிடம் இறப்பும் நோய் திரும்புவதும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போதாததற்குச் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும், ரத்தத்தில் மருந்தளவைப் பார்க்க வேண்டும். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். ரிப்போர்ட் வரும்வரை எம்ஆர்எஸ்ஏவை நினைத்து அதைப் போடுவது சரி. கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் ஆக்சாசிலின் அல்லது செஃபாக்சிட்டின் எதிரே 'எஸ்' என்றிருந்தால் அது குளோக்சாசிலின், செஃபசோலினுக்கு அடங்கும் கிருமி, மருந்தை மாற்றலாம்.

சரி, மற்ற இரண்டில் எது? என் ஓட்டு செஃபசோலினுக்கு. குளோக்சாசிலினை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும், ஊசி ஏறும் ரத்தக்குழாய் வீங்கி வலிக்கும். செஃபசோலின் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும், சிறுநீரகத்துக்கும் சாது. பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களில் பலருக்குக்கூட ஒத்துக்கொள்ளும். மூளைக்குள் தொற்று பரவியிருந்தால் மட்டும் குளோக்சாசிலின் பக்கம் சாய்வேன். செஃபசோலின் அங்கே அவ்வளவாக நுழையாது என்பது பழைய தயக்கம்.

எதைப் போட்டாலும் சீழ்க்கட்டியைக் கீறி வடிக்காமல், மருந்தேற்ற உடலில் செருகிய குழாயில் கிருமி பிடித்திருந்தால் அதை எடுக்காமல் விட்டால் காய்ச்சல் திரும்பிவிடும். அப்புறம், நாள் கணக்கு. ரத்தத்தில் கிருமி இல்லை என்று கல்ச்சர் சொன்ன நாளிலிருந்து குறைந்தது 14 நாள். வால்வில் ஏறியிருந்தால் நான்கிலிருந்து ஆறு வாரம். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே 'வீட்டுக்குப் போகலாமா' என்று கேட்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.