ஓட்டப் பாட்டுக்கு எந்த வேகம், எந்தச் சுருதி?

படைவீரர்கள் அணியாக ஓடும்போது காலடிக்கு ஏற்பப் பாடுவது ஓட்டப் பாட்டு. அமெரிக்கத் தரைப்படையின் அணிநடை விதிகளின்படி, விரைவு நடைக்கு நிமிடத்திற்கு 120 காலடிகள், அணியோட்டத்திற்கு 180 காலடிகள். இரண்டிலும் ஒரு காலடியின் நீளம் 30 அங்குலம்தான். முன்னவர் ஒரு வரி பாட, அணி அதையே திருப்பிப் பாடும் இன்றைய வழக்கத்தை 1944இல் நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்லோகம் முகாமில் வில்லி டக்வொர்த் என்ற கறுப்பின வீரர் தொடங்கி வைத்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அது நடப்பவர்களுக்காகப் பிறந்த பாட்டு. அதை ஓடுபவர்களின் வாயில் வைக்கும்போதுதான் வேகமும் சுருதியும் சிக்கலாகின்றன.

நடைப்பாட்டை அப்படியே ஓட்டத்திற்குக் கொண்டுபோவது முதல் வழி. 120க்கும் 180க்கும் உள்ள விகிதம் இரண்டுக்கு மூன்று என்பதால், காலடிக்கு ஒரு தட்டு என்று பாடினால் பாட்டு ஒன்றரை மடங்கு வேகமாகிச் சொற்கள் தடுக்கி விழும். இடது காலுக்கு மட்டும் ஒரு தட்டு என்று பாடினால் நிமிடத்திற்கு 90 தட்டுகளாகக் குறைந்து, துள்ள வேண்டிய வரி இழுவையாகிவிடும். வெளிநாட்டினர் சேரும் பிரான்சின் படைப்பிரிவான பிரெஞ்சு அந்நியர் படை நிமிடத்திற்கு 88 காலடி என்ற மிக மெதுவான நடைக்குப் பாடும் பாட்டுகள் எண்ணிக்கையளவில் இந்த 90க்கு வெகு அருகில் வருவது வேடிக்கையான பொருத்தம். எனினும் நின்று நிதானித்து நீட்டிப் பாடும் அந்த வரிகளுக்கு வேண்டிய மூச்சு ஓடுபவரிடம் இருப்பதில்லை. ஆகவே இடது காலுக்கு ஒரு தட்டு என்ற கணக்கில், குறுகிய வரிகளோடு, ஓட்டத்திற்கென்றே அமைந்த பாட்டுதான் தேறுகிறது.

அணி களைத்தவுடன் வேகத்தை 160க்கு இறக்கலாமா என்பது அடுத்த கேள்வி. எட்டுக் காலடிக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டால், 180இல் அந்த வரி ஏறத்தாழ 2.7 வினாடியில் முடிகிறது. 160இல் சரியாக 3 வினாடி ஆகிறது. பதில் வரும்போது முன்னவர் மூச்சு வாங்கும் நேரமும் அதே அளவு கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு காலும் தரையில் சற்றுக் கூடுதலாகத் தங்குவதால் அணியின் ஓசை கனத்து, நெட்டையானவர்கள் காலடியை நீட்டத் தொடங்க, பின்வரிசை சிதறுகிறது. காலடி எண்ணிக்கையை 180இலேயே நிறுத்திக் காலடியின் நீளத்தை மட்டும் குறைப்பதே மேல் என்பது என் கருத்து. பாட்டின் தாளமும் அப்போது கெடுவதில்லை.

சுருதியில் முதலில் பார்க்க வேண்டியது சுர அமைப்பு. நம் கர்நாடக இசைக் கணக்கில் சுத்த தன்யாசி ராகத்திற்கு இணையான ஐந்து சுர அமைப்பு ஒரு பக்கம், மோகன ராகத்திற்கு இணையானது மறுபக்கம். மோகனம் மலர்ச்சியாக ஒலித்தாலும், அதன் அந்தர காந்தாரத்தை, அதாவது உயர்ந்த வகைக் 'க' சுரத்தை, கத்திப் பாடும் நாற்பது பேர் நாற்பது இடத்தில் வைப்பார்கள். சுத்த தன்யாசியின் சாதாரண காந்தாரம், அதாவது அதற்குச் சற்றுத் தாழ்ந்த 'க', சற்றுப் பிசகினாலும் காதை உறுத்துவதில்லை. ஓட்டப் பாட்டுக்குச் சுத்த தன்யாசி அமைப்பு சோகத்திற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று சிலர் சொல்வதுண்டு; பிழையைப் பொறுத்துக்கொள்ளும் குணமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது கட்டை, அதாவது பாட்டின் ஆதார சுருதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது; எண் கூடக் கூடச் சுருதி உயரும். ஐந்து கட்டையில் தொடங்கினால் பெண்களுக்கு வசதி. ஆண்களோ கீழ்ச் சட்ஜத்தில் ('ஸ') முனகுவார்கள், அல்லது மேலே ஏறிப் பஞ்சமத்தில் ('ப') தொண்டையைக் கிழித்துக்கொள்வார்கள். ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் தொடங்கி, சட்ஜத்திலிருந்து பஞ்சமத்தைத் தாண்டாமல் மெட்டை அடக்கிக்கொண்டால், ஆண்கள் ஒரு ஸ்தாயியிலும் (ஏழு சுரங்களின் ஓர் அடுக்கிலும்) பெண்கள் அதற்கு மேல் ஸ்தாயியிலும் ஒரே மெட்டைப் பாடிவிடலாம். மேல் சட்ஜம்வரை ஏறும் மெட்டாக இருந்தால் எந்தக் கட்டையும் கலப்பு அணிக்கு உதவாது. பக்கவாத்தியம் இல்லாத பாட்டில் மூச்சு முட்ட முட்டச் சுருதி தானாக மேலேறிவிடக்கூடும் என்பதையும் கணக்கில் வைத்து, ஒவ்வொரு புதுப் பாட்டையும் முன்னவர் அரைக் கட்டை இறக்கியே எடுக்க வேண்டும்.