எக்ஸ்ரே மூலத்துக்கு ஒளி ஜோடி: இடத்தை வச்சு தேடவா, நடத்தையை வச்சு தேடவா?

எக்ஸ்ரேல ஒரு புள்ளி தெரியுது, சாதாரண ஒளியில அது எந்த நட்சத்திரம்னு புடிக்க எந்த வழில போறதுன்னு நிறைய பேர் குழம்புறாங்க. இடம்னா ரெண்டும் வானத்துல ஒரே எடத்துல இருக்கான்னு பாக்கறது; நடத்தைன்னா ரெண்டோட வெளிச்சமும் ஒரே கால கணக்குல மாறுதான்னு பாக்கறது.

நேரச் செலவு
இடம்: கையா விண்கலம் எடுத்த நட்சத்திர அட்டவணையோட பொருத்திப் பாத்தா போதும், ஒரே நாள்ல ஆயிரக்கணக்குல முடிக்கலாம்.
நடத்தை: ஒவ்வொண்ணையும் பல ராத்திரி தொடர்ந்து பாக்கணும்.

நம்பகம்
இடம்: எல்லாமே பிழை வட்டத்தோட (மூலம் இதுக்குள்ள எங்கயோ இருக்குன்னு சொல்ற வட்டம்) அளவுதான். சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கில அது ஒரு ஆர்க்செகண்டுக்கும் (ஒரு டிகிரில 3600ல ஒரு பங்கு) கம்மி, அதனால பெரும்பாலும் ஒரே ஒரு ஆளுதான் சிக்கும். ஈரோசிட்டாங்கற இன்னொரு எக்ஸ்ரே தொலைநோக்கில சில ஆர்க்செகண்ட், பால்வீதித் தளத்துல அந்த வட்டத்துக்குள்ளயே நாலஞ்சு நட்சத்திரம் வந்து நிக்கும், கிட்ட இருக்கறதையே எடுத்துக்கிட்டா ஏமாந்துருவோம்.
நடத்தை: இதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. ஹெர்குலிஸ் எக்ஸ்-1ங்கற மூலம் எக்ஸ்ரேல 1.7 நாளுக்கு ஒருதடவ மறையுது, அதே 1.7 நாள் கணக்குல ஹெச்இசட் ஹெர்குலிஸ்ங்கற நட்சத்திரமும் ஏறக்குறைய 13லேர்ந்து 15ஆம் பிரகாச அளவு வரைக்கும் (எண் கூடினா மங்கல்) மங்கித் திரும்புது, ஏன்னா எக்ஸ்ரே பட்டு சூடாகுற பக்கம் நம்மள பாக்கும்போது பளிச்சுன்னும் மறுபக்கம் வரும்போது மங்கலாவும் தெரியும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்!

மங்கலான பொருள்
இடம்: கையா சுமார் 21ஆம் பிரகாச அளவு வரைக்கும்தான்.
நடத்தை: பெரிய தொலைநோக்கி இல்லாம நடக்காது.

மொத்த வானத்தையும் அலசணும்னா இடம். ஒரே ஒரு மூலத்தோட துணை யாருன்னு அடிச்சு சொல்லணும்னா, இல்ல கூட்டமான பகுதின்னா, கண்டிப்பா நடத்தைதாங்க.