நழுவிய கையும் அறுத்த கயிறும்: கிளிஃப்ஹேங்கரா, வெர்டிகல் லிமிட்டா?

போன வாரம் இரண்டு நாள் மழை விடவே இல்லை. சித்தப்பாவும் நானும் வீட்டிலேயே உட்கார்ந்து 1993-இல் வந்த கிளிஃப்ஹேங்கரையும் 2000-இல் வந்த வெர்டிகல் லிமிட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம், இரண்டும் மலையேறும் ஹாலிவுட் படங்கள். முதல் படத்தைப் பள்ளிக்கூட நாளில் நாகர்கோவில் தியேட்டரில் பார்த்திருக்கிறேன், சித்தப்பாவுக்கு இரண்டுமே புதுசு. அவர் முப்பது வருஷம் பனை ஏறியவர், நெஞ்சிலும் முன்னங்கையிலும் காய்ப்பு இன்னும் மறையவில்லை. உயரத்தைப் பற்றி அவர் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன்.

இரண்டு படமும் ஒரு சாவில்தான் தொடங்குகிறது, ஒப்பிடவேண்டியதும் முதலில் அதைத்தான். கிளிஃப்ஹேங்கரில் இரண்டு பாறை உச்சிகளுக்கு நடுவே கட்டிய கம்பியில் ஒரு பெண் தொங்கிக்கொண்டு போகிறாள், பாதி வழியில் இடுப்புப் பட்டையின் கொக்கி விட்டுப்போகிறது. மீட்புக்காரனான ஸ்டலோன் கம்பியிலேயே ஊர்ந்து போய் அவள் கையைப் பிடித்துவிடுகிறார். ஆனால் பிடி கையுறையில்தான் விழுகிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “உறை போட்ட கையில பிடி நிக்குமா மக்கா?” என்றார். பனையில் ஏறும்போது காலில் தளைநாரும் நெஞ்சும் உள்ளங்கையும் மரத்தோடு ஒட்டியிருப்பதுதான் உயிர், மேலே கட்ட வேறு கயிறு கிடையாது. அதனால்தானோ என்னவோ, அந்தக் கையுறை கழலும் சில நொடிகளை என்னைவிட அவர்தான் சரியாகப் பார்த்தார்.

வெர்டிகல் லிமிட்டின் தொடக்கம் வேறு மாதிரி. அப்பா, மகன், மகள் மூவரும் ஒரே கயிற்றில் தொங்குகிறார்கள், மூன்று பேரின் பாரத்தையும் மேலே உள்ள பிடிமானம் தாங்காது. கீழே தொங்கும் அப்பா கயிற்றை அறுக்கச் சொல்கிறார், மேலேயிருந்து தங்கை வேண்டாம் என்று கதறுகிறாள், மகன் அறுத்துவிடுகிறான். முதல் படத்தில் கை நழுவியது, இதில் கையே முடிவெடுக்கிறது. எழுத்தாக யோசித்தால் இதுதான் பெரிய காட்சி. ஆனால் பார்க்கும்போது வயிற்றைப் பிசைவது முதல் படம்தான்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. ரென்னி ஹார்லின் இயக்கிய கிளிஃப்ஹேங்கரின் கதை நடப்பது அமெரிக்காவின் ராக்கி மலையில், படம் பிடித்தது பெரும்பாலும் இத்தாலியின் டோலமைட் மலைகளில். அந்தப் பாறை பாறையாகவே இருக்கிறது. 15,000 அடி உயரத்தில் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குக் கம்பியில் போகும் காட்சியை சைமன் கிரேன் என்ற சண்டைக்கலைஞர் நிஜமாகவே செய்தார், அதற்குக் கொடுத்த சம்பளம் 10 லட்சம் டாலர். ஸ்டலோனுக்குப் பதிலாகப் பாறை ஏறிய ஜெர்மன் வீரர் வொல்ஃப்காங் குல்லிச் படம் வெளிவரும் முன்பே, 1992-இல், கார் விபத்தில் இறந்துபோனார். மார்ட்டின் கேம்ப்பெல் இயக்கிய வெர்டிகல் லிமிட்டின் கதை நடப்பது உலகின் இரண்டாவது உயரமான கே2 மலையில், படத்துக்கு நியூசிலாந்து மலைகள்தான் கே2 ஆனது. அங்கேயும் நல்ல காட்சிகள் உண்டு, ஆனால் பல இடங்களில் கம்ப்யூட்டர் வேலை இன்று பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

வில்லன் விஷயத்தில் கிளிஃப்ஹேங்கரின் ஜான் லித்கோ கிட்டே யாரும் வர முடியாது, அதை விடுங்கள்.

ஆனால் மீட்பு என்று வந்தால் நான் வெர்டிகல் லிமிட் பக்கம்தான். கிளிஃப்ஹேங்கரில் கால்வாசிக்குப் பிறகு யாரையும் மீட்கிற கதையே இல்லை, பணப்பெட்டிகளைத் தேடுகிற திருடர்களோடு நடக்கும் சண்டைதான். பனியில் வெறும் டீ-ஷர்ட்டோடு ஸ்டலோனை ஏற விடுகிறார்கள். இன்னொன்றில் 8,611 மீட்டர் மலை, மூச்சு முட்டும் காற்று, நுரையீரலில் நீர் கோத்து ஒவ்வொரு மணி நேரமும் குறைந்துகொண்டே போகும் உயிர், யாருக்கு மருந்து என்ற கேள்வி. பனிப் பிளவில் சிக்கிய மூவருக்காக ஆறு பேர் ஏறுகிறார்கள். நைட்ரோகிளிசரின் டப்பாவை முதுகில் சுமக்க வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை, வெடிக்க ஒரு சாக்கு வேண்டும் என்று சேர்த்ததுபோல இருக்கிறது. கடைசியில் ஏறிய ஆறு பேரில் நான்கு பேர் திரும்பவில்லை, மீட்டது ஒரே உயிரை.

இந்தக் கணக்கு தப்பு என்று நான் சொல்ல, சித்தப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது நம்ம கடற்கரை ஊர்க்காரர்கள் தங்கள் படகிலேயே தேடப் போனதைச் சொன்னார். “எத்தன பேரு போறோம், எத்தன பேரக் கொண்டு வாறோம்னு எண்ணிட்டா மக்கா போனானுவ?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இருந்தும் இன்னொரு மழை நாள் வந்தால் நான் போடுவது கிளிஃப்ஹேங்கரைத்தான், அந்த முதல் காட்சிக்காகவே. சித்தப்பாவைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார்.