விக்ட்ரான் ஸ்மார்ட்சோலார் 100/30: முதலில் பார்க்க வேண்டியது 30 அல்ல, 100

சோலார் ரெகுலேட்டர் (பேனலின் மின்சாரத்தைப் பாட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஆம்பியர்?" என்றுதான். இந்த மாடலின் பெயரிலோ இரண்டு எண்கள். 30 என்பது பாட்டரிக்குப் போகும் உச்ச கரன்ட். பேனல் கொஞ்சம் கூடிப்போனாலும் ரெகுலேட்டர் 30-லேயே நின்றுகொள்ளும். மிச்சம் வீண், அவ்வளவுதான். 100 அப்படியல்ல. பேனல் பக்கம் 100 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பாகங்கள் கருகும்.

தாண்டுவது நடுப்பகலில் அல்ல, குளிர்ந்த காலையில். பேனல் குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும். 60 செல் கொண்ட 330 வாட் பேனல் ஒன்றின் பின்புற ஸ்டிக்கரில் ஓபன் சர்க்யூட் வோல்டேஜ் (எதையும் மாட்டாதபோது பேனலில் இருக்கும் வோல்டேஜ்) 40.5 என்று இருக்கிறது, டிகிரிக்கு 0.29% மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டை சீரிஸில் (ஒன்றின் பின் ஒன்றாக) போட்டால் வோல்டேஜ் கூடி 81 வோல்ட். ஆனால் அது 25 டிகிரிக்கான கணக்கு. மைனஸ் 10 டிகிரியில் 89-ஐத் தொடும். தாங்கும். 49.5 வோல்ட் கொண்ட 540 வாட் ஹாஃப் கட் பேனல்கள் இரண்டு என்றால் 99. "நூறுக்குள்தானே" என்று சீரிஸில் மாட்டினால், 20 டிகிரி காலையிலேயே 100 தாண்டிவிடும். இவற்றை வோல்டேஜ் கூடாத பேரலலில்தான் போட வேண்டும்.

அடுத்து பாட்டரி. இந்த ரெகுலேட்டர் 12 வோல்ட்டில் 440 வாட், 24 வோல்ட்டில் 880 வாட் வரைதான் பயன்படுத்தும். அதே 330 வாட் பேனல் இரண்டை 12 வோல்ட் பாட்டரிக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். 24 வோல்ட்டில் முழுசாகக் கிடைக்கும்.

சாதாரண பி.டபிள்யூ.எம். (பேனலைப் பாட்டரியோடு நேரே சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கும் எளிய வகை ரெகுலேட்டர்) போதாதா? 36 செல் கொண்ட 100 வாட் பேனல், 12 வோல்ட் பாட்டரி என்றால் தாராளமாகப் போதும். 330 வாட் பேனலுக்குப் போதாது. பி.டபிள்யூ.எம். பேனலை பாட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்துவிடும்: 9.85 ஆம்பியர், 13 வோல்ட், 128 வாட். இந்த விக்ட்ரான் எம்.பி.பி.டி. வகை, அதாவது பேனல் அதிக வாட் தரும் வோல்டேஜைத் தேடிப் பிடித்து, அதைப் பாட்டரி வோல்டேஜுக்கு மாற்றித் தருவது. அது அதே பேனலில் 33 வோல்ட்டுக்கு மேல் எடுத்து, பாட்டரிக்கு 24 ஆம்பியர் அளவுக்குத் தரும்.

இதை வைத்தே போலியையும் பிடிக்கலாம். பெட்டியில் "எம்.பி.பி.டி." என்று அச்சடித்த பி.டபிள்யூ.எம்.கள் நிறைய உண்டு. நல்ல வெயிலில், பாட்டரி நிறையாதபோது, டி.சி. கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) பேனல் ஒயரில் ஒரு தடவை, பாட்டரி ஒயரில் ஒரு தடவை மாட்டுங்கள். ஸ்டிக்கரில் உள்ள பேனல் வோல்டேஜ் பாட்டரியைப் போல் இரு மடங்கு இருந்தும் இரண்டு இடத்திலும் ஒரே ஆம்பியர் என்றால் அது எம்.பி.பி.டி. இல்லை. கையில் தூக்கினாலே ஓரளவு தெரியும்: 30 ஆம்பியரை மாற்றித் தர உள்ளே கனமான கம்பிச் சுருள் (coil) வேண்டும். விக்ட்ரான் ஒரு கிலோவுக்கு மேல்.

குறைகளும் உண்டு. டிஸ்ப்ளே கிடையாது, எல்லாம் போனில் ப்ளூடூத் வழியாகத்தான். போன் பழகாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது தொல்லை. விளக்கு, விசிறி போன்றவற்றை நேரே மாட்டும் லோட் அவுட்புட்டும் இல்லை, எனவே பாட்டரி அடியோடு இறங்காமல் காப்பது இன்வெர்ட்டரின் வேலை. பாட்டரியின் வெப்பத்துக்கேற்ப சார்ஜ் வோல்டேஜைத் திருத்தும் வெப்ப சென்சார் ரெகுலேட்டருக்குள் இருக்கிறது. பாட்டரி வேறு அறையில் இருந்தால் அதன் கணக்கு தப்பும்.

போன் ஆப்பில் (app) முதலில் மாற்ற வேண்டியது சார்ஜ் கரன்ட். ஒற்றை 150 ஏ.எச். டியூபுலர் பாட்டரிக்கு 30 ஆம்பியர் அதிகம்; 15-இல் வையுங்கள். 12 வோல்ட் பாட்டரிக்கு ஆலை செட்டிங் 14.4/13.8 வோல்ட்: முதல் எண் நிரப்பும்போது, இரண்டாவது நிறைந்த பின் தக்கவைக்க. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாட்டரி என்றால் அதற்கான ப்ரீசெட்டைத் தேர்ந்தெடுங்கள், 14.2/13.5 வரும்; வெப்பத் திருத்தம் பூஜ்யமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒயரில் கஞ்சத்தனம் கூடாது. பாட்டரி 2 மீட்டர் தள்ளி இருந்து 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால், 30 ஆம்பியரில் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். ரெகுலேட்டர் 14.4 என்று நினைக்கும், பாட்டரிக்குக் கிடைப்பது 13.9. "தினமும் ஃபுல் காட்டுது, ராத்திரி நிக்கல" என்ற புகாரில் பாதி இதுதான். 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.13 வோல்ட்டாகக் குறையும். பாட்டரி அருகில் 40 ஆம்பியர் டி.சி. ஃபியூஸ் கட்டாயம்.

திரவ பாட்டரிக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், அமில ஆவி உள்ளே போகும். மேலும் கீழும் 10 செ.மீ. இடம் விடுங்கள். இணைக்கும்போது பாட்டரி முதலில், பேனல் பிறகு. 12-ஆ 24-ஆ என்று அது கண்டுபிடிப்பது பாட்டரியைப் பார்த்துத்தான். கழற்றும்போது தலைகீழ்.