மூடுபனி இறங்கும் முன் தொடங்க வேண்டிய யூ பிங் ஃபெங் துகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும் லயக் காம்பராவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மெத்தையும் கம்பளியும் ஈரம் குடிக்கும், தூசிப்பூச்சியும் பூஞ்சணமும் அதில் பெருகும். எழுந்தவுடன் வரிசையாகத் தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, கண் அரிப்பு, ஆனால் காய்ச்சல் கிடையாது என்றால் பெரும்பாலும் அது ஒவ்வாமைப் பீனிசம்.

இதற்குச் சீன வைத்தியர்கள் வழக்கமாகக் கொடுப்பது யூ பிங் ஃபெங். யூ என்பது ஜேட் கல், பிங் ஃபெங் என்பது காற்றை மறிக்கும் தட்டி. மூன்றே சரக்குதான்: ஹுவாங் சீ வேர், பாய் ஜூ கிழங்கு, ஃபாங் ஃபெங் வேர். சீன அரசின் மருந்து நூல் இவற்றை 3:1:1 என்ற அளவில் சேர்க்கச் சொல்கிறது. துகளாக வரும் 5 கிராம் பக்கெட்டை வெந்நீரில் கரைத்து நாளுக்கு மூன்று வேளை குடிக்க வேண்டும்.

பெயரிலேயே இதன் வேலையும் இருக்கிறது. தட்டியைக் காற்று வருமுன் கட்ட வேண்டும். ஹட்டன் பக்கத்தில் ஏப்ரலிலேயே தொடங்குவது நல்லது. பதுளைப் பக்கம் பெருமழை ஒக்டோபரில்தான் என்பதால் அங்கே செப்டெம்பர் போதும். மூக்கு அடைத்த பிறகு ஒரு பக்கெட் குடித்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று வீசுகிறவர்கள் மருந்தைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள். காய்ச்சலும் தொண்டை வலியும் உள்ளபோது கட்டாயம் நிறுத்துங்கள். கதவைச் சாத்திக் கள்வனை உள்ளே வைத்ததுபோல் ஆகும் என்பது சீன வைத்தியர்களின் வாக்கு.

சரக்காக வாங்கினால் ஹுவாங் சீ துண்டை வெளிச்சத்தில் பாருங்கள். வெளுத்த மஞ்சளில் நடுவிலிருந்து கதிர்போல் கோடுகள் விரியும். நாராக இருக்கும், மென்றால் லேசான இனிப்போடு பச்சைப் பயறு வாசம் வரும். வாசமே இல்லாவிட்டால் அது பழைய சரக்கு. மூன்று சரக்கையும் மேலே சொன்ன வரிசையில் 15, 5, 5 கிராம் எடுத்து மூன்று கோப்பைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மண்சட்டியில் மெல்லிய தீயில் கொதிக்க விடுங்கள். உயரமான ஊர் என்பதால் நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே வழக்கமான 30 நிமிடத்தை 40 ஆக்குங்கள். துகளுக்கும் இந்த ஊர் ஈரம் பகைதான், கட்டிதட்டிய பக்கெட்டை வாங்க வேண்டாம். சில தயாரிப்பில் சர்க்கரை அதிகம், நீரிழிவுள்ளவர்கள் சர்க்கரையில்லாததைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடைத்த மூக்குக்கு விற்கும் சீன மாத்திரைகளில்தான் கவனம் அதிகம் தேவை. பி யான் பியான், பி யான் காங் பியான் என்ற இரண்டும் பெயரில் ஒட்டிப் பிறந்தவை, உள்ளே வேறு வேறு. முன்னது முழுக்க மூலிகை. பின்னதில் மா ஹுவாங் போன்ற மூலிகைகளோடு குளோர்ஃபெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் கலந்திருக்கிறது, நம் பாமசிகளில் பிரிட்டன் (Piriton) என்று கேட்டு வாங்குகிறோமே, அதே மருந்து. பி யான் காங் பியானையும் பிரிட்டனையும் சேர்த்துப் போட்டால் தூக்கம் கூடும். சரிவில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் வளைவுப் பாதையில் வாகனம் ஓட்டுபவர்களுக்கும் இது விளையாட்டுக் காரியமில்லை. மா ஹுவாங் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பி யான் பியான், பி யான் காங் பியான் இரண்டிலும் மருளூமத்தைக் காய் உண்டு. முறையாக வறுக்காததும், அளவு மீறியதும், மாதக்கணக்கில் தின்பதும் ஈரலைக் கெடுக்கும். சில நாள் போட்டு நிறுத்துங்கள்.

2015இல் அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் சங்கம் வெளியிட்ட ஒவ்வாமை வழிகாட்டி, மருந்து வேண்டாம் என்பவர்களுக்கு அக்குபங்சரைச் சொல்லலாம் என்கிறது. மூலிகைக்கு ஆதரவாகவோ எதிராகவோ அது எதுவும் பரிந்துரைக்கவில்லை. எங்கள் மதிப்பீட்டில் யூ பிங் ஃபெங் முயன்று பார்க்கத் தகுந்தது, ஆனால் படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுநீரில் அலசிக் காயவைக்காத வீட்டில் பணம் வீண். கர்ப்பிணிகளும், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ இரத்தத்தை ஐதாக்கும் மருந்தோ எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது. இழுப்பு உள்ளவர்கள் இதை நம்பி இன்ஹேலரை நிறுத்தவே வேண்டாம். மூச்சு வாங்கினால் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.